மெக் வேண்டாம் என்று யார் சொல்கிறார்கள்?

பிளஸ் டூ ரிசல்ட் வருகிற நாளில் எல்லாப் பத்திரிகைகளிலும் ஒரு வரி கட்டாயம் இருக்கும், இந்த ஆண்டும் மாணவிகளே அதிகம் தேர்ச்சி என்று. தமிழ்நாட்டில் வருஷக்கணக்காக மாறாத செய்தி அது. சரி, நாலு மாசம் கழித்து ஏதாவது ஒரு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் வகுப்புக்குள் எட்டிப் பாருங்கள். அறுபது பேரில் இரண்டோ மூன்றோ பெண்கள் முதல் பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்திருப்பார்கள், சில வருஷம் ஒருத்திகூட இருக்க மாட்டாள். இந்தியா முழுக்கப் பார்த்தால், 2019-20 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி இளநிலைப் பொறியியல் படிப்பவர்களில் பெண்கள் சுமார் 29 சதவீதம். அதே கணக்கெடுப்பில் பி.எஸ்சி. படிப்பவர்களில் பாதிப் பேர் பெண்கள். ஆக, பெண்கள் படிக்காமல் இல்லை, அறிவியலைக் கண்டு பயந்து ஓடவும் இல்லை. பொறியியலுக்குள் நுழைகிற வாசலில்தான் ஏதோ நடக்கிறது.

"அவங்களுக்கு அதுல ஆர்வம் இல்ல" என்பதுதான் இதற்குச் சுலபமாகக் கிடைக்கிற பதில். அதனால் அவர்களை உற்சாகப்படுத்த வேண்டும் என்று ஆண்டு விழா மேடையில் ஒருவர் பேசுவார், பெண்ணால் முடியும் என்பார், எல்லோரும் கை தட்டுவோம். பேச்சு நல்ல பேச்சுதான், ஆனால் கேட்டுக்கொண்டிருக்கிற பதினாறு வயதுப் பெண்ணுக்குத் தன்னால் முடியும் என்பது ஏற்கெனவே தெரியும், மார்க் ஷீட் அவள் கையில்தான் இருக்கிறது. அவளுக்குத் தெரியாதது வேறு: அப்பா ஹாஸ்டலுக்கு விடுவாரா, தம்பிக்கும் ஃபீஸ் கட்ட வேண்டியிருக்குமே, அந்த வகுப்பில் நான் ஒருத்திதானா. இந்தக் கேள்விகளுக்கு யாராவது பதில் வைத்திருந்த இடங்களிலெல்லாம் பெண்கள் வந்திருக்கிறார்கள். நம் சென்னையிலேயே 1939-ல் நடந்த கதை ஒன்று இருக்கிறது, அதை விரிவாகச் சொல்ல ஆசை.

அய்யலசோமயாஜுல லலிதா 1919-ல் சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர். பதினைந்து வயதில் கல்யாணம். பதினெட்டு வயதில் ஒரு பெண் குழந்தை, அது பிறந்து நாலு மாதத்தில் கணவர் இறந்துபோனார். அந்தக் காலத்து விதவை வாழ்க்கை எப்படி இருந்திருக்கும் என்று நம் வீட்டுப் பாட்டிகளைக் கேட்டாலே தெரியும். லலிதாவின் அப்பா பப்பு சுப்பாராவ் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின் பொறியியல் பேராசிரியர். மகள் மேலே படிக்கட்டும் என்று அவர் முடிவெடுத்தார். ராணி மேரிக் கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்தபோது லலிதா மருத்துவம் படித்திருக்கலாம், அப்போதே பெண்கள் மருத்துவம் படித்துக்கொண்டுதான் இருந்தார்கள். நடுராத்திரியில் கூப்பிட்டால் குழந்தையை விட்டுவிட்டு ஓட வேண்டியிருக்கும் என்பதால் அவர் மருத்துவத்தை வேண்டாம் என்றார். காலையில் போய்ச் சாயங்காலம் வீடு திரும்புகிற வேலை அவருக்குத் தேவைப்பட்டது, அதனால் பொறியியலைத் தேர்ந்தெடுத்தார். இந்த இடத்தை நான் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். சரித்திரம் படைக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நேர வேளைக் கணக்குப் போட்டு எடுத்த முடிவு அது.

கிண்டியில் அதுவரை பெண்ணே கிடையாது. அப்பா முதல்வர் கே.சி. சாக்கோவிடம் பேசினார், கல்வித்துறை இயக்குநராக இருந்த ஸ்டாதம் ஒப்புதல் கொடுத்தார், லலிதா மின் பொறியியலில் சேர்ந்தார். குழந்தையை உறவினர் வீட்டில் விட்டுவிட்டு ஹாஸ்டலில் தங்கினார், வார இறுதியில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். நூற்றுக்கணக்கான ஆண்கள் படிக்கிற வளாகத்தில் ஒரே ஒரு பெண். மாணவர்கள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள், ஆனால் தனிமை தாங்க முடியவில்லை. இதற்குச் செய்த காரியம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. தைரியமாக இரு என்று புத்தி சொல்வதோடு விடாமல், பெண்களும் சேரலாம் என்று விளம்பரம் கொடுக்க வைத்தார்கள். அடுத்த வருஷமே கேரளத்திலிருந்து பி.கே. திரேசியா, லீலாம்மா ஜார்ஜ் என்று இரண்டு பேர் சிவிலில் வந்து சேர்ந்தார்கள். உலகப் போர் நேரம் என்பதால் பாடத்திட்டத்தைச் சில மாதம் குறைத்தார்கள், அதில் மூன்று பேரும் சேர்ந்து 1943-ல் பட்டம் வாங்கினார்கள். சான்றிதழில் ஆண்பாலில் அச்சாகியிருந்த வார்த்தையைக் கையால் அடித்துவிட்டுப் பெண்பாலாக எழுதிக் கொடுத்தார்களாம்.

லலிதா ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் பயிற்சி எடுத்தார். சிம்லாவில் ஒரு மத்திய அரசு அமைப்பில் வேலை பார்த்தார். 1948-ல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸில் சேர்ந்தார், அங்கே சகோதரர் குடும்பம் இருந்தது, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. மின்கடத்துத் தடங்களை வடிவமைத்தார், பக்ரா நங்கல் அணையின் ஜெனரேட்டர் வேலைகளிலும் அவருக்குப் பங்கு உண்டு. ஆனால் இளம் விதவை தனியாக ஊர் ஊராக சைட்டுக்குப் போக முடியாது என்பதால் பெரும்பாலும் அலுவலகத்திலிருந்தே டிசைன் வேலையைச் செய்தார். இந்தியாவின் முதல் பெண் பொறியாளருக்கே சைட் மூடித்தான் இருந்தது. அவருடைய ஜூனியர் திரேசியா ரோடும் பாலமுமாக சைட்டிலேயே நின்று வேலை பார்த்து, 1971-ல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். நாட்டில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான். தாரோடு ரப்பரைக் கலந்து ரோடு போட்டுப் பார்த்தவர் அவர்.

இந்தக் கதையில் லலிதாவின் திறமைக்குச் சமமாக வேறு நாலு விஷயங்கள் இருக்கின்றன. அனுமதி வாங்கித் தர ஓர் ஆள், தங்க ஓர் இடம், குழந்தையைப் பார்க்க ஒரு வீடு, கூடப் படிக்க இரண்டு தோழிகள். இதில் ஒன்று குறைந்திருந்தாலும் அவர் பாதியில் திரும்பியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். மற்ற பெண்களுக்கு இந்த நாலும் சேர்ந்து அமையவில்லை, அவர்களிடமும் கணக்கு போடுகிற மூளை இருந்திருக்கும். அவர்களில் யார் பெயரும் நமக்குத் தெரியாது.

சரி, இன்றைக்கு வருவோம். பெண்களுக்கு இயல்பிலேயே ஆர்வம் இல்லை என்பவர்களிடம் நான் கம்ப்யூட்டர் சயின்ஸைக் காட்டுவேன். அமெரிக்காவில் 1984 வாக்கில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம் வாங்கியவர்களில் 37 சதவீதம் பெண்கள். அதற்கப்புறம் சரிந்து 2010 வாக்கில் 18 சதவீதத்துக்கு வந்துவிட்டது. இடையில் பெண்களின் மூளை மாறிவிடவில்லை. வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர்களை ஆண் பிள்ளைகளுக்கான பொருளாக விளம்பரம் செய்தார்கள், அது மகன் அறையில் போய் உட்கார்ந்தது, வீட்டில் ஏற்கெனவே பழகிய பையன்களை வைத்தே கல்லூரி வகுப்பும் நடக்க ஆரம்பித்தது என்று இதற்குக் காரணம் சொல்கிறார்கள். நம்மூரில் நேர் எதிர். ஐடி வகுப்பில் பெண்கள் பாதிக்கு அருகில் இருப்பது இங்கே சாதாரணம். ஏன் என்றால் இங்கே அப்பாக்கள் சொல்வது இது: "ஏ.சி. ரூம்ல உக்காந்து பாக்குற வேலைம்மா, கம்பெனி பஸ் வீட்டு வாசல்ல எறக்கி விடும்." ஒரே பாடம்தான், அங்கே பையன்களுக்கானது, இங்கே பொண்ணுக்கு ஏத்தது.

மெக் வேண்டாம் என்பதும் அங்கிருந்துதான் வருகிறது. சிவில் என்றால் வெயிலில் நிற்க வேண்டும், மெக் என்றால் கையில் கிரீஸ், ஆம்பளைங்க நடுவில் ஒர்க்‌ஷாப். ட்ரிபிள் இ என்கிற மின் பொறியியல் பரவாயில்லை, இசிஇ என்கிற மின்னணுப் பொறியியல் நல்லது, ஐடி ரொம்ப நல்லது. கவுன்சலிங்கில் சாய்ஸ் நிரப்பும் நாளில் பிரவுசிங் சென்டரில் நின்று பாருங்கள், இந்த உரையாடல் எத்தனை முறை நடக்கிறது என்று தெரியும். 200-க்கு 195 கட் ஆஃப் வைத்திருக்கிற பெண் பக்கத்தில் அமைதியாக நிற்பாள், மவுஸ் அப்பா கையிலோ மாமா கையிலோ இருக்கும். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. மகள் வெயிலில் நிற்கக் கூடாது என்று நினைக்கிற அன்பு அது. ஆனால் அதே வெயிலில் சித்தாள் வேலை பார்த்துச் செங்கல் சுமக்கிற பெண்களை அதே ஊரில் தினமும் பார்க்கிறோம். வெயில் யாரையும் அங்கே தடுக்கவில்லை. சைட்டில் பெண் நிற்பது நமக்குப் பழக்கம்தான், பெண் நின்று வரைபடத்தைப் பார்த்து உத்தரவு போடுவதுதான் இன்னும் பழகவில்லை.

அதற்கும் முன்னால் ஒரு கிளை பிரிகிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. பத்தாவது முடித்துப் பதினொன்றாவதில் எந்த குரூப் என்பதுதான் அது. கணக்கு இல்லாத குரூப்பில் உட்கார்ந்துவிட்டால், இரண்டு வருஷம் கழித்து பி.இ. என்ற பேச்சுக்கே பெரும்பாலும் இடமில்லை. தமிழ்நாட்டில் 2007-லிருந்து நுழைவுத் தேர்வு கிடையாது, கணக்கு நூறு, இயற்பியல் ஐம்பது, வேதியியல் ஐம்பது என்று பிளஸ் டூ மார்க்கை வைத்தே கட் ஆஃப். இது பெண்களுக்கு நல்லதாக அமைந்த ஏற்பாடு, கோச்சிங்குக்கு லட்சக்கணக்கில் செலவழிக்கத் தேவையில்லை, ஸ்கூலில் ஒழுங்காகப் படித்தால் போதும். ஆனால் அந்த மூன்று பாடமும் இருக்கிற குரூப்பில் சேர்ந்தால்தானே. "கணக்கு கஷ்டம், காமர்ஸ் எடுத்துக்கோ, பேங்க் எக்ஸாம் எழுதலாம்" என்று பதினைந்து வயதில் ஓர் ஆசிரியர் சொல்கிற ஒரு வார்த்தை அவள் பாதையையே மாற்றிவிடுகிறது. காமர்ஸ் குறைந்த படிப்பு என்று சொல்லவில்லை. விருப்பப்பட்டு எடுத்தால் மகிழ்ச்சி. கணக்கில் 90 வாங்கிய பெண்ணிடம் கணக்கு கஷ்டம் என்று சொல்வதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

அப்புறம் தூரம். இதைப் பற்றி நமக்குத் தெளிவான ஆதாரமே இருக்கிறது. பீகாரில் 2006-ல் ஒன்பதாம் வகுப்பில் சேர்கிற பெண்களுக்கு சைக்கிள் வாங்கக் காசு கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அதை ஆராய்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் பெண்களின் சேர்க்கை 32 சதவீதம் கூடியிருந்தது, ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்திருந்தது, அதுவும் பள்ளி தள்ளியிருந்த கிராமங்களில்தான் பலன் அதிகம். யாரும் அந்தப் பெண்களுக்குத் தன்னம்பிக்கை வகுப்பு எடுக்கவில்லை. ஆளுக்கொரு சைக்கிள், கூட்டமாகச் சேர்ந்து போனார்கள், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுப்பது அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

கல்லூரி விஷயத்திலும் இதே கணக்குதான். சூரியனை ஆராய இஸ்ரோ அனுப்பிய ஆதித்யா எல்-1 விண்கலத்தின் திட்ட இயக்குநர் நிகார் ஷாஜி செங்கோட்டைக்காரர். அங்கேயே பள்ளிப் படிப்பு, பிறகு திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி. அந்தக் கல்லூரி தொடங்கியது 1981-ல், அவர் படித்தது அதன் ஆரம்ப ஆண்டுகளில். கல்லூரி அந்த வட்டாரத்துக்கு வராமல் இருந்திருந்தால் அவர் எப்படியாவது போயிருப்பாரா, தெரியாது. ஆனால் அன்றைய செங்கோட்டையிலிருந்து மதுரைக்கோ சென்னைக்கோ பெண்ணை அனுப்பத் தயாராக இருந்த வீடுகள் எத்தனை, திருநெல்வேலிக்கு அனுப்பத் தயாராக இருந்த வீடுகள் எத்தனை என்று தென்காசிப் பக்கத்துக்காரர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அரியலூரைச் சேர்ந்த என். வளர்மதி கோயம்புத்தூர் அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, 2012-ல் ஏவிய ரிசாட்-1 செயற்கைக்கோளின் திட்ட இயக்குநர் ஆனார். சந்திரயான்-2 திட்ட இயக்குநர் மு. வனிதா கிண்டியில் படித்தவர். ஃபீஸ் குறைவான அரசுக் கல்லூரிகள் பக்கத்தில் இல்லாத ஒரு தமிழ்நாட்டை வைத்து இந்தப் பட்டியலை யோசிக்க எனக்கு முடியவில்லை.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசுவோம். பெண்ணுக்கு என்று ஒதுக்குகிற காசு நம் வீடுகளில் கல்யாணத்துக்கு ஒதுக்குகிற காசு. அதிலிருந்து எடுத்துப் படிப்புக்குக் கட்டினால் நகைக்கு எங்கே போவது என்ற பயம். அதிகம் படித்தால் அதைவிட அதிகம் படித்த மாப்பிள்ளை வேண்டும், அவன் அதிகம் கேட்பான் என்ற இன்னொரு பயம். இந்த இரண்டாவது பயத்தை யாரும் கல்லூரி வாசலில் சொல்ல மாட்டார்கள், வீட்டுக்குள் இரவில் பேசுவார்கள். அதனால்தான் 2022-ல் நடந்த ஒரு மாற்றம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த திருமண உதவித் திட்டத்தில் தாலிக்குத் தங்கமும் ரொக்கமும் கொடுத்துவந்தார்கள். அதை உயர்கல்வித் திட்டமாக மாற்றி, அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்கள் பட்டமோ டிப்ளமோவோ ஐடிஐயோ படிக்கும் காலம் முழுக்க மாதம் 1,000 ரூபாய் அவர்கள் கணக்கிலேயே போடுகிறார்கள், அதுதான் புதுமைப் பெண் திட்டம். ஆயிரம் ரூபாய் பெரிய தொகை இல்லைதான். பஸ் பாஸ், ஜெராக்ஸ், ரெக்கார்ட் நோட்டு என்று கேட்கும்போதெல்லாம் அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டாம், அது ஆயிரத்தைவிடப் பெரிது.

இதோடு அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2021-லிருந்து பொறியியலுக்கும் இருக்கிறது, அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தோடு ஹாஸ்டல் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கிற மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. பெண்களுக்குக் கொடுக்கிற பிரகதி உதவித்தொகை வருஷத்துக்கு 50,000 ரூபாய், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை விண்ணப்பிக்கலாம். இதெல்லாம் இருப்பதே தெரியாத வீடுகள் நிறைய இருக்கின்றன. கவுன்சலிங் முடிந்த பிறகு கேள்விப்பட்டு வருத்தப்பட்ட ஓர் அம்மாவை எனக்கே தெரியும்.

ஐஐடி கதை கொஞ்சம் வேறு. அங்கே 2016-ல் பெண்கள் எட்டு சதவீதம் அளவுக்குத்தான் இருந்தார்கள். மேலே சொன்ன கட் ஆஃப் முறைக்கு நேர் எதிரான ஏற்பாடு அது, பள்ளியோடு சேர்த்து இரண்டு வருஷமாவது கோச்சிங், பலருக்கு அது வீட்டை விட்டு வேறு ஊரில். அந்தச் செலவையும் அந்தத் தூரத்தையும் மகனுக்காகத் தாங்குகிற வீடு மகளுக்காகத் தாங்குவதில்லை. தேர்வானாலும் தூரத்து ஐஐடி வேண்டாம், பக்கத்துக் கல்லூரி போதும் என்பார்கள். திமோத்தி கொன்சால்வெஸ் தலைமையில் ஒரு குழு போட்டு, அதன் பரிந்துரைப்படி 2018-லிருந்து பெண்களுக்குக் கூடுதல் இடங்களை உருவாக்கினார்கள். இதை ஒதுக்கீடு என்று நினைத்துக் கோபப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும், பையன்களின் இடம் ஒன்றுகூடக் குறையவில்லை. இருக்கிற இடங்களுக்கு மேலே சேர்த்த இடங்கள் அவை, அதற்கும் ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ அட்வான்ஸ்டில் தகுதி பெற்றிருக்க வேண்டும். முதல் வருஷம் 14 சதவீதம், அடுத்தது 17, 2020-ல் 20 என்று படிப்படியாக ஏற்றினார்கள். கிண்டியில் கொடுத்த விளம்பரத்தின் பெரிய வடிவம் என்றுதான் இதை நான் பார்க்கிறேன். வகுப்பில் ஒரே பெண்ணாக இருக்கும்போது அவள் கேட்கிற சந்தேகம் பொண்ணு கேட்கிற சந்தேகம் ஆகிவிடும். பத்துப் பேர் இருந்தால் அது வெறும் சந்தேகம்.

வேலைக்கு வந்தால் அடுத்த கதவு. 1948-ன் தொழிற்சாலைகள் சட்டத்தில் பெண்களை இரவு 7 மணியிலிருந்து காலை 6 மணி வரை வேலைக்கு வைக்கக் கூடாது என்று பொதுவிதி இருந்தது. பாதுகாப்புக்காக எழுதியதுதான். ஆனால் ஒரு ஆலையில் பயிற்சிப் பொறியாளர் என்றால் மூன்று ஷிஃப்டும் பார்த்துத்தான் தொழில் கற்க முடியும், அதனால் கேம்பஸ் இன்டர்வியூவிலேயே கோர் கம்பெனிகள், அதாவது ஆலை வைத்துப் பொருள் தயாரிக்கிற கம்பெனிகள், பெண்களைத் தவிர்க்க அது வசதியான காரணமானது. சென்னை உயர் நீதிமன்றம் 2000-ல் அந்தப் பிரிவு செல்லாது என்றது, போக்குவரத்து, பாதுகாப்பு போன்றவற்றைச் செய்து கொடுத்துவிட்டு வேலைக்கு வைக்கலாம் என்றது. சுரங்கத்துக்குள் பெண் இறங்குவதை 1952-ன் சுரங்கச் சட்டம் தடுத்திருந்தது, தொழில்நுட்ப, மேற்பார்வைப் பணிகளுக்கு அது தளர்ந்தது 2019-ல்தான். இரண்டே வருஷத்தில், 2021-ல், ஆகாங்ஷா குமாரி என்ற பொறியாளர் ஜார்க்கண்டில் நிலத்தடி நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அதுவரை பெண்களுக்கு மைனிங்கில் ஆர்வம் இல்லை என்று சொல்லியிருந்தால் எவ்வளவு தப்பாக இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

இப்போது வீட்டில் பத்தாவதோ பிளஸ் டூவோ படிக்கிற பெண் இருப்பவர்களிடம் நேராகவே பேசுகிறேன். அவளுக்கு எந்தப் பாடம் பிடிக்கும் என்று கேட்பதோடு, வீட்டில் மிக்சி ரிப்பேர் ஆனால் ஸ்க்ரூ டிரைவரை யார் கையில் கொடுக்கிறீர்கள் என்றும் பாருங்கள். தம்பி கையில் மட்டும் என்றால், பதினேழு வயதில் அவள் மெக் வேண்டாம் என்று சொல்லும்போது அது அவளுடைய சொந்த முடிவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தையும் பிளேஸ்மென்ட் பேனரையும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், ஒர்க்‌ஷாப் இருக்கிற பிளாக்கில் பெண்கள் கழிப்பறை இருக்கிறதா என்று பாருங்கள். நிறைய இடங்களில் பெண்கள் கழிப்பறை இன்னொரு பிளாக்கில்தான் இருக்கும், மூன்று மணி நேரப் பிராக்டிகலில் அது எவ்வளவு பெரிய கஷ்டம் என்று படித்த பெண்களுக்குத்தான் தெரியும். ஹாஸ்டல் கேட் ஆறு மணிக்கே மூடுமா, லைப்ரரியும் லேபும் எட்டு மணி வரை திறந்திருந்தால் பையன்கள் மட்டும்தான் அங்கே இருப்பார்களா, இதையும் கேளுங்கள். பெற்றோர் கேட்டால் கல்லூரிகள் செவி கொடுக்கும், மாணவி கேட்டால் பல இடங்களில் திட்டுதான் கிடைக்கும்.

முடிந்தால் தனியாக அனுப்பாதீர்கள். எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு மெக்தான் வேண்டும், அப்பாவுக்கு மனசே இல்லை. அடுத்த தெருவில் அவளோடு படித்த இன்னொருத்தியும் மெக் கேட்டு வீட்டில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள், இது இரண்டு வீட்டுக்கும் தெரியாது. ஸ்கூல் கணக்கு டீச்சர்தான் இரண்டு அப்பாக்களையும் ஒரே நாளில் வரச் சொல்லிப் பக்கத்து பக்கத்தில் உட்கார வைத்தார். ஒன்றரை மணி நேரம் பேசினார்கள், பெரும்பாலும் பஸ்ஸைப் பற்றித்தான். இப்போது இரண்டு பேரும் மூன்றாம் வருஷம், காலை 6:40 பஸ்ஸில் டிராயிங் ஷீட் சுருட்டிய உறையை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றாகப் போகிறார்கள். இந்த வருஷம் முதலாம் ஆண்டில் சேர்ந்த இன்னொரு பெண் அதே ஸ்டாப்பில் ஏறுகிறாள், அவளுக்கும் சேர்த்து சீட் போட்டு வைக்கிறார்கள்.